ஒரு நாள் செயலமர்வு போதாது

ஆசிரியருக்கு,

போன மாதம் கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்குப் போன என் மகள், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற முதல் கேள்விக்கே பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு, கோப்பின் நாடாவைத் திருகிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்து, வகுப்புச் சித்தியும் பெற்ற பிள்ளை! பட்டங்களுக்கு என்ன தரம் வேண்டும் என்று சொல்லும், 2012இல் வந்த இலங்கைத் தகைமைகள் சட்டகம் தொடர்பாடல், குழுவாக வேலை செய்தல், தலைமைத்துவம் எல்லாவற்றையும் பட்டதாரியிடம் எதிர்பார்க்கிறது, ஆனால் அவளுக்குக் கிடைத்தது இறுதி வருடத்தில் ஒரு நாள் செயலமர்வும் ஒரு சான்றிதழும்தான். பேச்சுப் பழக்கம் அப்படி வருமா? முதல் வருடத்திலிருந்தே ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளைகளை எழுந்து பேச வையுங்கள், பிழையை அன்றைக்கே சொல்லித் திருத்துங்கள். வகுப்பில் பிள்ளைகள் அதிகமா, சரி, நாலு நாலு பேராகப் பிரித்தாவது செய்யுங்கள்.

தாய் ஒருவர்,
களுவாஞ்சிகுடி