கடல் தாண்டும் கறிவேப்பிலை: சமூகத் தோட்ட அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் சமூகத் தோட்டங்களிலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரங்களிலும் செடி வளர்க்கும் தமிழ் அன்பர்களுக்கு வணக்கம்.

மெல்பர்னில் இருக்கும் மகளுக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்று கொண்டுபோகலாமா, லண்டனில் இருக்கும் அண்ணனுக்கு அஞ்சலில் முருங்கை விதை அனுப்பலாமா என்ற பேச்சு டிசம்பர் விடுமுறை நெருங்கும்போது நம் தோட்டங்களில் தவறாமல் எழுகிறது. “ஈரச் செய்தித்தாளில் சுற்றித் துணிகளுக்கு நடுவே வையுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்” என்ற பதிலும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. அந்தப் பதிலை நானும் சொல்லியிருக்கிறேன், அதன்படி செய்தும் இருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிய என் தங்கையிடம் ஒரு சாண் உயரக் கன்றை, வேர்மண்ணைக் கழுவிவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்ற நினைப்பில், கொடுத்தனுப்பினேன். அவள் விமானத்தில் தரப்பட்ட பயணி அட்டையில் செடி இருப்பதை மறைக்காமல் குறித்தாள். அதிகாரி இலைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கன்றை எடுத்துக்கொண்டார். உண்மையை எழுதியிருந்ததால் அபராதம் இல்லை. எனக்கு வந்த கோபம், மறுநாள் காலை என் தாய்ச்செடியின் தளிரைக் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கும் வரைதான் நீடித்தது. இலைக்காம்புகளின் இடுக்கில் மஞ்சள் நிறப் பூச்சிக்குஞ்சுகள் அப்பியிருந்தன. அவற்றின் பின்புறத்திலிருந்து வெள்ளை மெழுகு இழைகள் சுருண்டு நீண்டிருந்தன. பக்கத்து இலையில், அரிசியில் பாதி நீளம்கூட இல்லாத வளர்ந்த பூச்சியொன்று தலையைத் தாழ்த்தி வாலை உயர்த்தி, முள் குத்தி நிற்பதுபோல் உட்கார்ந்திருந்தது.

அதுதான் ஆசியச் சிட்ரஸ் சில்லிட். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. நம் புளோக்குகளின் கீழே வேலிச் செடியாக நிற்கும், மலாயில் கெமுனிங் எனப்படும் வெள்ளைப் பூச்செடியும் அதே குடும்பந்தான். இரண்டும் இப்பூச்சிக்குப் பிடித்த இருப்பிடங்கள். கறிவேப்பிலைக்கு இதனால் பெரிய கேடு இல்லை என்பதாலேயே நாம் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களில் ஹுவாங்லோங்பிங் என்ற நோயை உண்டாக்கும் பாக்டீரியாவை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குச் சுமந்து செல்வது இந்தப் பூச்சிதான். நோய் கண்ட மரத்தின் பழம் கோணலாகவும் கசப்பாகவும், அடிப்பக்கம் பச்சை மாறாமலும் நின்றுவிடும். மரத்தைக் குணப்படுத்த மருந்து இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் 1998இல் பூச்சியும் 2005இல் நோயும் கண்டறியப்பட்டன. அங்குள்ள ஆரஞ்சுத் தோட்டத் தொழில் அதன்பின் தலைநிமிரவே இல்லை. இந்த நோய் இல்லாத ஆஸ்திரேலியா, பெட்டியிலிருந்து ஒரு சாண் கன்றை எடுத்து வைப்பதன் காரணம் இதுவே.

தாவர நலச் சான்றிதழ் (செடியையோ விதையையோ சோதித்து, அனுப்பும் நாடு தரும் தாள்) பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. தேசியப் பூங்காக் கழகத்தில் சோதனைக்குக் கொடுத்து ஒரு தாள் வாங்கிவிட்டால் எந்த நாட்டுக்கும் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் அனைத்துலகத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை வகுத்த மாதிரிப் படிவத்தை ஒருமுறை வாசித்தாலே அந்த எண்ணம் போய்விடும். இறக்குமதி செய்யும் நாடு குறிப்பிட்ட பூச்சிகளும் நோய்களும் இச்சரக்கில் இல்லையெனக் கருதப்படுகிறது என்பதுதான் அதன் சாரம். சான்றிதழ் தருவது இங்கே, நிபந்தனை விதிப்பது அங்கே. ஆகவே முதற்கேள்வியைக் கேட்க வேண்டியவர் அனுப்பும் நாமல்ல, பெறப்போகும் உறவினர்தான். செடியின் தாவரவியல் பெயரைச் சொல்லி, அனுமதிக்கிறார்களா, இறக்குமதி அனுமதி வேண்டுமா, எந்தச் சோதனையை எதிர்பார்க்கிறார்கள் என்று அவர் தம் நாட்டு அலுவலகத்தில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு இங்கே விண்ணப்பிப்பதுதான் முறை.

விதைக்கும் இதே நடைமுறைதான். ஐரோப்பிய ஒன்றியம் 2019 டிசம்பர் 14 முதல் நடவுக்கான விதைகளுக்கும் சான்றிதழ் கேட்கிறது. அமெரிக்காவில் சிறு அளவு விதைகளுக்கென ஓர் இறக்குமதி அனுமதி உண்டு. பொட்டலத்துக்கு 50 விதை அல்லது 10 கிராம், ஓர் அனுப்புகைக்கு 50 பொட்டலம் என்ற வரம்புக்குள் தகுதியான விதைகளைச் சான்றிதழ் இல்லாமலேயே பெறலாம். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய தமிழ்நாட்டு விதைப் பொட்டலத்தை நம் வீட்டு விதைபோல அனுப்புவது இன்னொரு சிக்கல், ஏனெனில் விதை விளைந்த நாட்டையும் கேட்பார்கள். கறிவேப்பிலை விதை உலர்ந்தால் சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும் என்பதால், எழுத்து வேலைகள் முடிந்த பிறகே கறுத்த பழங்களைப் பறியுங்கள். முருங்கை விதை பல மாதம் தாங்கும், அவசரம் தேவையில்லை. அஞ்சல் உறையின் மேல் விதை என்றே எழுதுங்கள். 2020இல் அமெரிக்க வீடுகளுக்குக் கேட்காமலே வந்த விதைப் பொட்டலங்களில் சிலவற்றின் மேல் நகை என்று எழுதியிருந்தது. அதன்பின் விதை உறை என்றாலே சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் அதிகாரிகளின் கெடுபிடி என்று சலித்துக்கொள்வோருக்கு ஒன்று சொல்வேன். 1877இல் நம் தாவரவியல் தோட்டத்துக்கு 22 ரப்பர்க் கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்தன. அவற்றின் பூர்வீகமான தென்னமெரிக்காவில் ரப்பர்த் தோட்டங்களை அழித்த இலைக்கருகல் நோய் அவற்றோடு வந்திருந்தால், மலாயாவில் பால்மரம் வெட்ட வந்த நம் பாட்டன்மாரின் கதை வேறு விதமாக இருந்திருக்கும். அந்த நோய் இன்னும் ஆசியாவை எட்டவில்லை. அதைத் தடுக்கும் விதிகள் இவ்வட்டாரத்தில் இன்றும் நடைமுறையில் உள்ளன.

உங்களிடம் கேட்பது இரண்டே. தோட்டத்தில் யாரேனும் பெட்டிக்குள் மறைத்து வைக்கும் யோசனை சொன்னால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். கன்று கேட்கும் உறவினரிடம், அந்நாட்டு அலுவலகத்தின் பதில் கைக்கு வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். என் தங்கை இப்போது தன் ஊர் நர்சரியில் வாங்கிய கறிவேப்பிலையைத் தொட்டியில் வளர்க்கிறாள். மணம் சற்றுக் குறைவு என்று தொலைபேசியில் குறைப்படுகிறாள்.

இப்படிக்கு,
உங்களைப் போல் வாரம் ஒருமுறை தோட்டத்தில் மண் கிளறும் ஒருவர்