தன்னார்வ தீயணைப்பு தொண்டர்களுக்கு ஒழுங்கான பயிற்சியும் உண்மையான திறன் தேர்வும் கேட்டு மறுபடியும் ஒரு மனு

அனுப்புநர்:
தன்னார்வ தீயணைப்பு தொண்டர் குழு சார்பா, குழுவுல இருக்குற பொம்பளைங்களும் பசங்களும்
(ஊர், தெரு எல்லாம் பழைய மனுவுலயே இருக்கு ஐயா, அதே ஊருதான்)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட அலுவலர் அவர்கள்

பொருள்: புதுசா சேத்த தொண்டர்களுக்கு பட்டாசு ஆலை தீ பத்தி பயிற்சி குடுக்கவும், பேருக்கு இல்லாம நிஜமா தேர்வு வச்சு தேறுனவங்களுக்கு மட்டும் சர்டிபிகேட் குடுக்கவும் கேட்டுக்கொள்வது சம்பந்தமா.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

இதே விசயமா ஏற்கனவே குறைதீர் கூட்டத்துல நேர்ல மனு குடுத்திருக்கோம், ரசீது பத்திரமா வச்சிருக்கோம். தபால்லயும் அனுப்புனோம். ஆன்லைன்ல போட்டதுக்கு "தங்கள் மனு மீது தீர்வு காணப்பட்டது"ன்னு போனுக்கு மெசேஜ் வந்துச்சு. என்ன தீர்வுன்னு தெரிஞ்சா நாங்களும் சந்தோசப்படுவோம். உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், தொந்தரவு குடுக்கணும்னு எழுதல, வெயில் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இது உங்க கண்ணுல பட்டுறணும்னுதான் திரும்ப எழுதுறோம்.

எங்க பக்கம் உங்களுக்கு புதுசில்ல. மெயின் ரோட்டுல இருந்து மண்பாதை பிரிஞ்சு ஓடையத் தாண்டுனா ரெண்டு பக்கமும் ஆலைங்கதான். ஓடைப் பாலத்துல பெரிய தீயணைப்பு வண்டி திரும்ப முடியாம ரிவர்ஸ் எடுத்து கண்மாய்க்கரை வழியா சுத்திப் போனப்ப நீங்களே ஜீப்ப விட்டு இறங்கி நின்னு பாத்தீங்க. வண்டி வந்து சேர்ற வரைக்கும் அங்க நிக்கப்போறது நாங்கதான்னு சொல்லித்தான் தொண்டரா சேத்தீங்க, நாங்களும் ஆசையாத்தான் பேர் குடுத்தோம். அந்த ஆசை இன்னும் போகல. அதனாலதான் கீழ உள்ளதை படிச்சுப் பாருங்கன்னு கேக்குறோம்.

1. பயிற்சி பத்தி. காலையில பத்து மணின்னு சொன்னாங்க, வண்டி வந்தது பதினொன்றரை, மத்தியான சாப்பாட்டுக்கு முன்ன எல்லாம் முடிஞ்சிருச்சு. இரும்புத் தட்டுல டீசல ஊத்தி பத்தவச்சு டிரை பவுடர் சிலிண்டரால அணைச்சுக் காட்டுனாங்க. சேஃப்டி பின்ன உருவு, குழாய் முனையப் பிடி, லீவர அமுக்கு, நெருப்போட அடியப் பாத்து வீசுன்னு நல்லாத்தான் சொல்லிக்குடுத்தாங்க. வந்த தம்பிமாரை குறை சொல்லமாட்டோம், வேர்த்து விறுவிறுத்து நின்னாங்க பாவம். ஆனா வந்த சிலிண்டர் ரெண்டே ரெண்டு. ஆறு கிலோ சிலிண்டர் இருபது செகண்டு வந்தா பெரிசு. முன்னாடி நின்ன நாலஞ்சு பசங்க அமுக்கிப் பாத்தாங்க, காலி. பொம்பளைங்க ஒருத்தர் கைக்கும் வரல, எங்கள பேனர் பிடிக்கச் சொல்லிட்டாங்க. ஆலை ரூமுக்குள்ள வெடிமருந்துக்குப் பக்கத்துல உக்காந்து வேலை பாக்குறது யாரு ஐயா, நாங்கதானே.

2. திறன் மதிப்பீடுன்னு ஒரு தாள் வந்துச்சு. ஹோஸ் பிடிக்கிறது, ஏணி ஏறுறது, முடிச்சு போடுறது, அடிபட்ட ஆளைத் தூக்குறது, முதலுதவின்னு வரிசையா கட்டம். ஹோஸ் வண்டிய விட்டு இறங்கவே இல்ல, ஏணிய வெயில்ல எவன் தூக்குவான்னு அதையும் விட்டுட்டாங்க. ஆனா எல்லார் தாள்லயும் எல்லா கட்டத்துலயும் ஒரே பச்சை மை, ஒரே கையெழுத்து, "நன்று". அன்னைக்கு திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்த பையனுக்கும் "நன்று". ஏணி ஏறுறதுல மட்டும் இதை எழுதுற எனக்கு ஒருபடி மேல போய் "மிக நன்று" போட்டிருக்கு, எனக்கு மூட்டு தேய்மானம் ஐயா, பஸ் படி ஏறவே கம்பியப் பிடிச்சு நின்னு மூச்சு வாங்கணும். நான் பேர் குடுத்தது முதலுதவிக்கும் கூட்டத்த ஒதுக்குறதுக்கும். அதுல என்னைய யாரும் சோதிக்கல.

3. இதுதான் முக்கியம், மத்ததெல்லாம் விட்டாலும் இதை மட்டும் விட்டுறாதீங்க.

போன வெயில்ல ஒரு ஆலையில பேன்சி பட்டாசு செய்ற ரூம்ல தீப்பிடிச்சது உங்களுக்கு தெரியும். எங்க குழுவுல புதுசா சேந்த பையன், பத்தொன்பது வயசு, ஐடிஐ முடிச்சவன், குடுத்த ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு முதல் ஆளா ஓடுனான். வாசல்ல சிவப்பு வாளி ரெண்டு இருந்துச்சு, ஒன்னுல தண்ணி ஒன்னுல மணல். உள்ள தட்டுல அலுமினிய பவுடர் கலந்த மருந்து எரிஞ்சுக்கிட்டு இருக்கு, அவன் தண்ணி வாளியத் தூக்கி வீசிட்டான். நெருப்புன்னா தண்ணி, அவனுக்கு தெரிஞ்சது அவ்வளவுதான், அன்னைக்கு பயிற்சியிலயும் மருந்துன்னு ஒரு வார்த்தை வரல. வெள்ளையா கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு வெளிச்சம் வந்துச்சுன்னு சொல்றான், அதுக்கு மேல அவனுக்கே ஞாபகம் இல்ல.

எரியுற அலுமினிய பவுடர்ல தண்ணி பட்டா ஹைட்ரஜன் கிளம்பி அதுவும் சேந்து பத்திக்கும். ஈரம் பட்ட பேன்சி மருந்து தன்னால சூடேறும்னு ஆலைக்குப் போற எந்தப் பொம்பளையக் கேட்டாலும் சொல்லும். சரி மணலப் போட்டு மூடலாமான்னா, கலந்த மருந்துக்கு அதுவும் நம்பிக்கை கிடையாது, அதுல இருக்குற வெடியுப்புலயே ஆக்சிஜன் இருக்கு, வெளிக்காத்து இல்லாமலே எரியும். அப்ப தொண்டன் என்னதான் பண்ணணும்? கிட்ட போகக்கூடாது. வெடிமருந்து வரைக்கும் நெருப்பு போயிருச்சுன்னா அணைக்க நிக்காதே, தள்ளிப்போ, மத்தவனையும் தள்ளு, இதுதான் எல்லா ஊர்லயும் தீயணைப்பு ஆளுங்களுக்கு சொல்லிக்குடுக்குறது. உங்களுக்கு தெரியாததா. எங்களுக்கு ஏன் ஐயா சொல்லல?

அவன் ஒருத்தனோட போயிருந்தாலும் பரவால்லன்னு சொல்லமாட்டேன், ஆனா அவன் பின்னாடி தெருவே போச்சு. ஜாக்கெட் போட்டவன் போறான், அரசாங்கத்துல பயிற்சி வாங்குனவன், அவனுக்கு தெரியாமலா போறான்னு ஜனம் பின்னாடியே ஓடுது. ஜாக்கெட் இல்லாட்டி பாதிப்பேர் பயந்து ரோட்டுலயே நின்னிருப்பாங்க. பயிற்சி இல்லாம ஜாக்கெட் குடுக்குறதுக்கு குடுக்காமலே இருக்கலாம், கோவிச்சுக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். 2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கத்துல முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிச்சது நம்ம யாருக்கும் மறக்குற நாளா? நாப்பது பேர் பக்கம் போனாங்க, அதுல நிறையப் பேர் அந்த ஆலையில வேலை பாத்தவங்களே இல்ல, சத்தம் கேட்டு ஓடிப்போன சுத்துப்பட்டு ஊர்க்காரங்க. காப்பாத்தப் போனவன், வேடிக்கை பாக்கப் போனவன்னு வெடி பிரிச்சுப் பாக்கல. முதல் வெடியோட முடிஞ்சிருச்சுன்னு நினைச்சு கிட்டப் போறதுதான் ஆளக் கொல்லுது. இதை நாங்க உங்களுக்கு எழுதி அனுப்ப வேண்டியிருக்கு பாத்தீங்களா.

ஏப்ரல் 14 வந்தா தீத்தொண்டு வாரம்னு பேட்ஜ் குத்துறோம், மாலை போடுறோம். அந்த நாளே எதுக்கு? 1944ல பம்பாய் துறைமுகத்துல பஞ்சும் வெடிமருந்தும் ஒன்னா ஏத்தியிருந்த போர்ட் ஸ்டிக்கின் கப்பல் தீப்பிடிச்சு, அணைக்கப் போன தீயணைப்பு ஆளுங்க 66 பேர் வெடிச்சு செத்தாங்க, அதுக்குத்தானே. முறையா பயிற்சி வாங்குனவங்களுக்கே அந்த கதின்னா டீசல் தட்டு பாத்த எங்க பசங்க எந்த மூலைக்கு.

இன்னும் முடியல. அவனைத் தூக்கிட்டு வந்து 108க்கு காத்திருந்த நேரத்துல யாரோ ஒரு அம்மா நல்லதுன்னு நினைச்சு கையில தோசை மாவ அப்பிருச்சு. இன்னொருத்தர் பேனா மை கொண்டு வந்தாரு. இருபது நிமிசம் குழாய்த் தண்ணியில கையக் காட்டணும், ஒட்டுன துணியப் பிய்க்கக் கூடாது, சுத்தமான துணிய லேசா மூடி அனுப்பணும், இதெல்லாம் ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லித்தான் எங்களுக்கு தெரியும். அங்க மாவ வழிச்சு எடுக்கும்போது தோலும் சேந்து வந்துச்சு. முதலுதவி கட்டத்துல எங்க எல்லாருக்கும் "நன்று"ன்னுதான் இருக்கு, ஆபீஸ் பைலை எடுத்துப் பாருங்க. இப்ப அவனுக்கு வலது கையில மூணு விரல் மடங்குனது மடங்குனபடியே இருக்கு, சட்டைக்கு பட்டன் அவங்கம்மாதான் போட்டு விடுது. ஆலைத் தொழிலாளியா இருந்தா இழப்பீடுன்னு ஏதாச்சும் கேக்கலாம், இவன் தொண்டனாச்சே. கேக்கப்போனா "உன்னைய யாரு உள்ள போகச் சொன்னா"ன்னு திருப்பிக் கேக்குறாங்க. தம்பி தகுதியானவன்னு கையெழுத்துப் போட்டு சர்டிபிகேட் குடுத்தது யாரு ஐயா?

4. அந்த ஜாக்கெட் பாலியஸ்டர். ஆலைக்குள்ள எங்களுக்கு பருத்திச் சேலைதான் கட்டணும்னு சட்டம், வாசல்லயே பாத்து திருப்பி அனுப்புவாங்க. நெருப்புக்குள்ள அனுப்புற ஆளுக்கு மட்டும் உருகி ஒட்டுற துணியா?

5. மறுபடியும் மூணாவதுதான். வேற எழுதலாம்னு உக்காந்தாலும் அங்கதான் போய் நிக்குது. எங்க ஊர்ப் பசங்க நல்லவங்க, சத்தம் கேட்டா ஓடத்தான் செய்வாங்க, ஓடாதேன்னா கேக்கமாட்டாங்க, ஏன்னா உள்ள இருக்குறது அவங்க அக்கா, அவங்க சித்தி. ஓடுற பையன நிறுத்துறதுக்குத்தான் பயிற்சி வேணும். நல்ல தொண்டன்னா எவ்வளவு வேகமா உள்ள போறான்னு பாக்காதீங்க, எவ்வளவு பேர வெளியவே நிறுத்துறான்னு பாத்து மார்க் போடுங்க.

6. கேக்குறது என்னன்னா, மத்திய அரசோட ஆப்த மித்ரா திட்டத்துல பேரிடர்ல உதவுற தன்னார்வலருக்கு 12 நாள் பயிற்சி குடுத்தாங்க. அந்தளவு கூட கேக்கல, ஞாயித்துக்கிழமையா ஒரு ஆறு நாள் குடுங்க. அதுல ஒரு முழு நாள் மருந்துக்கு மட்டும். எந்த ரூம்ல என்ன கலக்குறாங்க, எதுல தண்ணி ஆகும் எதுல ஆகாது, எப்ப கைய விட்டுட்டு தள்ளிப் போகணும்னு சொல்லித்தர நம்ம ஊர்லயே வயசான போர்மேன்கள் இருக்காங்க, அவங்களக் கூப்பிட்டு உங்க ஆளுங்களோட உக்கார வைங்க, அவங்களுக்குத் தெரிஞ்சது எந்தப் புத்தகத்துலயும் இருக்காது. உள்குத்தகைக்கு விட்ட ரூம்ல எவ்வளவு மருந்து கிடக்கும்னு அவங்கதான் வாயத் திறந்து சொல்லுவாங்க (நீங்க கேஸ் போடமாட்டீங்கன்னு தெரிஞ்சா).

அப்புறம் தேர்வு. வெளியில இருந்து ஒரு அதிகாரி வந்து ஒவ்வொரு ஆளா செய்யச் சொல்லி பாக்கட்டும். ஊர்ச்சனம் அம்பது பேரை சும்மா கத்திக்கிட்டு ஓடி வரச் சொல்லுங்க, நாங்க கயிறு கட்டி நிறுத்துறோமான்னு பாருங்க. 101க்கு போன் போட்டு எந்த ஆலை, எந்தப் பக்கம் வழி, உள்ள எத்தனை பேர், காத்து எங்குட்டு அடிக்குதுன்னு தடுமாறாம சொல்லத் தெரியுதான்னு பாருங்க. தீக்காயம் பட்டவனா ஒருத்தன படுக்க வச்சு என்ன செய்றோம்னு பாருங்க. தேறலன்னா தயவுசெஞ்சு பெயில் போடுங்க. என்னைய ஏணியில பெயில் போடுங்க, ஒரு வருத்தமும் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மறுபடி பாருங்க, மறந்துதான் போகும், மனுசங்கதானே.

தேறுனவங்களுக்கு மட்டும் பருத்தியில சட்டையும் அடையாள அட்டையும். அடிபட்டா இன்சூரன்ஸ். அந்தப் பையன் கைக்கு ஆபரேசன் செஞ்சா விரல் நிமிர வாய்ப்பிருக்குன்னு டாக்டர் சொல்றாரு, செலவுக்கு அரசு வழியில என்ன செய்ய முடியுமோ உங்க கையால ஒரு சிபாரிசு எழுதிக்குடுங்க ஐயா. கைகூப்பிக் கேக்குறோம்.

7. வேற ஒன்னுமில்ல. போன மனுவுலயும் இதையேதான் எழுதுனோம், கொஞ்சம் மரியாதையா எழுதியிருந்தோம். இதுல ஏதாச்சும் வார்த்தை தடிச்சிருந்தா பெரிய மனசு பண்ணி பொறுத்துக்கங்க. ஆனா பதில் மட்டும் மெசேஜா வேணாம் ஐயா, தாள்ல எழுதி, எந்த ஞாயித்துக்கிழமை பயிற்சின்னு தேதி போட்டு அனுப்புங்க. முடியாதுன்னா முடியாதுன்னு எழுதுங்க, நாங்க ஜாக்கெட்டையெல்லாம் மூட்டையாக் கட்டி ஆபீஸ்ல கொண்டாந்து குடுத்துர்றோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தன்னார்வ தீயணைப்பு தொண்டர் குழுவினர்

பி.கு: தேதி வைக்கும்போது வார நாள்ல வச்சிறாதீங்க. ஆலைக்குப் போனாத்தான் எங்களுக்கு கூலி, போன தடவை வெள்ளிக்கிழமை வச்சதுல சம்பளநாள்னு பாதிப்பேர் வரல, வராதவங்களுக்கும் நீங்க "நன்று" போட்டுட்டீங்க.