கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அங்கன்வாடி டீச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி வட்டாரத்து அங்கன்வாடி டீச்சர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும், வணக்கம்.

நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் தமிழ்தான். தோட்ட வேலைக்கும் மில் வேலைக்கும் போகிற அம்மா அப்பாக்கள் மலையாளம் பேசிவிடுவார்கள், ஆனால் எழுதப் படிக்கப் பலருக்கு வராது. அதனால் "நமக்கு என்னங்க தெரியும், டீச்சர் பார்த்துக்குவாங்க" என்று பிள்ளைக்கு வீட்டில் எண் சொல்லித்தருவதிலிருந்து ஒதுங்கிவிடுகிறார்கள். இந்தத் தயக்கத்தை உங்களால்தான் போக்க முடியும்.

ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளைப் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். ஒன்று முதல் இருபது வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளையிடம், "கண்ணு, நாலு புளியங்கொட்டை எடுத்துக் குடு" என்றால் ஒரு கை அள்ளி நீட்டும். எண்ணச் சொன்னால் ஒவ்வொன்றாகத் தொட்டு ஏழு வரை சரியாக எண்ணும். "அப்போ மொத்தம் எத்தனை?" என்றால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. சிலேட்டில் நூறு வரை எழுத வைத்தாலும் இது பிடிபடாது.

அமெரிக்காவில் சூசன் லெவைன் என்ற ஆய்வாளரின் குழுவினர் குழந்தைகளின் வீடுகளுக்கே போய், பதினான்கு மாதத்திலிருந்து இரண்டரை வயதுவரை அவர்களிடம் பெற்றோர் பேசுவதைப் பதிவு செய்தார்கள். எண்களைச் சொல்லிப் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான்கு வயது நெருங்கும்போது எண்களின் பொருள் கூடுதலாகப் புரிந்திருந்தது. வெறும் ஒப்பிப்பை விட, கண்முன் இருக்கிற பொருட்களை எண்ணிக் காட்டியதே அதிகம் உதவியது. இதற்குப் படிப்பு வேண்டாம். சந்தையிலிருந்து வந்த தக்காளியைக் கூடைக்கு மாற்றும்போது வாய்விட்டு எண்ணினால் போதும். அரிசி அளக்கும்போது எட்டு ஆழாக்கு சேர்ந்தால் ஒரு படி என்று பிள்ளையையே கொட்டிப் பார்க்கச் சொல்லலாம். அரைப்படிக்கு எத்தனை ஆழாக்கு என்று அதுவே கண்டுபிடிக்கட்டும்.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2008இல் கீதா ராமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஏழைக் குடும்பத்துச் சின்னப் பிள்ளைகளை ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட கட்டங்களில் காய் நகர்த்தி விளையாட வைத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். எண்ணுவதிலும் எது பெரிய எண் என்று சொல்வதிலும் தெளிவான முன்னேற்றம் வந்தது. ஒன்பது வாரம் கழித்தும் அது நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் போட்ட கட்டங்களில் விளையாடியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

நம்மிடம் பரமபதம் இருக்கிறது. சின்னவர்களுக்கு ஒன்று முதல் பத்து வரை சாக்பீஸால் திண்ணையில் கட்டம் போட்டாலே போதும். ஒரு விஷயத்தை மட்டும் அம்மாக்களிடம் அழுத்திச் சொல்லுங்கள்: காய் மூன்றாம் கட்டத்தில் இருக்கும்போது தாயத்தில் இரண்டு விழுந்தால், பிள்ளை "ஒண்ணு, ரெண்டு" என்று நகர்த்தக் கூடாது. கட்டத்தில் உள்ளபடி "நாலு, அஞ்சு" என்று சொல்லியே நகர்த்த வேண்டும். பலன் அப்படி நகர்த்துவதில்தான் இருக்கிறது. பல்லாங்குழியும் நல்லதுதான், குழிக்கு ஒரு முத்தாகப் போட்டுப் போட்டுக் கை பழகிவிடும்.

வீட்டில் தமிழில் எண்ணினால் மலையாளம் குழம்பும் என்று சிலர் பயப்படுகிறார்கள். என் வகுப்பில் அப்படி ஆனதில்லை. "அஞ்சு" என்றால் எவ்வளவு என்று தமிழில் தெரிந்த பிள்ளை மலையாளத்தில் அதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. தைரியமாகத் தமிழிலேயே எண்ணச் சொல்லுங்கள்.

தாய்மார் கூட்டத்தில் சத்துமாவு, தடுப்பூசி பேசி முடித்ததும் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். சொல்லிக்காட்டுவதோடு விடாமல், அவர்களையே பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆட வையுங்கள். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பாட்டிகள்தான், அவர்களையும் கூப்பிடுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு எண் எழுதிவரச் சொல்லும் வீட்டுப்பாடத்தை நிறுத்திவிடுங்கள். சூப்பர்வைசர்கள் அங்கன்வாடிக்கு வரும்போது நோட்டைப் புரட்டுவதோடு, பிள்ளையிடம் ஐந்து புளியங்கொட்டை எடுத்துத் தரச் சொல்லியும் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்களிடமிருந்து பிள்ளைகளைப் பெற்றுக்கொள்ளும் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை