சீசன் முடியவில்லை, பறவைகள் இப்போதுதான் புறப்படுகின்றன

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாசி பிறந்து தண்ணீர் வற்றத் தொடங்கியதும் 'வலசைப் பறவைகள் திரும்பின, சீசன் முடிந்தது' என்று ஆண்டுதோறும் செய்தி வந்துவிடுகிறது. உள்நாட்டு ஏரிகளில் வாத்துகள் குறைவதைப் பார்த்து எழுதப்படும் செய்தி அது. கடலோர நிலவரம் வேறு. பழவேற்காடு, எண்ணூர் கழிமுகம், கழுவேலி, கோடியக்கரை, தனுஷ்கோடி, தூத்துக்குடி உப்பளங்கள், குமரி மாவட்டத்து மணக்குடி என நம் கரை முழுக்க, பிப்ரவரி கடைசியில் தொடங்கி மே நடுப்பகுதி வரை பறவைகள் தின்று கொழுத்து, சிறகு மாற்றி, கூட்டம் கூட்டமாக வடக்கே கிளம்பிக்கொண்டிருக்கும். அந்தப் பதினோரு வாரங்களைத்தான் நாம் சரியாக எண்ணுவதில்லை.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில் நடந்து வருகிறது. வனத்துறையின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பும் ஓர் இடத்துக்கு ஆண்டில் ஓரிரு நாள்தான். குளிர்காலத்தில் எத்தனை பறவைகள் தங்கின என்பதை இவை சொல்லும். எத்தனை பறவைகள் உடல் தேறிப் புறப்பட்டன, இன்னும் தெற்கே தங்கியிருந்தவை போகிற வழியில் எங்கே இறங்கி இரை எடுத்தன என்பது இவற்றில் வராது. ஜனவரியில் வெறிச்சோடிக் கிடந்த உப்பளப் பாத்தி ஏப்ரலில் சேற்றில் அலகு விட்டு இரை தேடும் ஆயிரக்கணக்கான உள்ளான் பறவைகளுக்குச் சோறு போடலாம். ஒரே ஒரு ஜனவரிக் கணக்கை வைத்து 'இங்கே பறவை இல்லை' என்று அந்த இடத்தைக் கழித்துக்கட்டுவது பெரிய தவறு.

புறப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. போகிற இடத்தில் பனி எப்போது உருகுமோ அதை ஒட்டியே இந்த வரிசை அமைகிறது. ஊசிவால் வாத்தும் ஆண்டிவாத்தும் பிப்ரவரி, மார்ச்சிலேயே குறைந்துவிடும். பழுப்புத்தலைக் கடற்காகங்களுக்கு அப்போதே தலையில் பழுப்பு முக்காடு ஏறத் தொடங்கும். திபெத்தியப் பீடபூமியிலும் லடாக்கிலும் கூடு கட்டும் மணல் உப்புக்கொத்திகள் நெஞ்சில் செம்பட்டை விழுந்ததும் கிளம்பிவிடும். மஞ்சள் வாலாட்டி, தகைவிலான், சூறைக்குருவி எல்லாம் ஏப்ரலில் போகும். வடதுருவத்தை ஒட்டிய சைபீரியாவில் தரையைப் பார்க்கவே ஜூன் ஆகிவிடும். அதனால் அங்கே போகும் வளைமூக்கு உள்ளான், சாம்பல் உப்புக்கொத்தி, கல்திருப்பி உள்ளான் ஆகியவை அவசரப்படாமல் ஏப்ரல் கடைசி, மே முதல் வாரங்கள் வரை நம் சேற்றிலேயே இருக்கும். பூநாரைகள் மட்டும் நாள்காட்டிக்குக் கட்டுப்படாதவை. தண்ணீர் இருந்தால் நிற்கும், வற்றினால் நகரும்.

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு வளைமூக்கு உள்ளானைக் கிட்டத்தில் பார்த்தால் விஷயம் புரியும். டிசம்பரில் சாம்பல் முதுகும் வெள்ளை வயிறுமாக இருந்த பறவை செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும். புதிய இறகுகளின் ஓரம் இன்னும் தேயாததால் வயிற்றில் வெள்ளைக் கோடுகள் தெரியும். அலகு தையல் மெஷின் ஊசிபோல ஓயாமல் சேற்றில் இறங்கி ஏறும். பக்கவாட்டில் பார்த்தால் கால்களுக்குப் பின்னால், வாலடியில், வயிறு பிதுங்கித் தொங்கும். அதுதான் சேர்த்து வைத்த கொழுப்பு. குளிர்காலத்தில் ஏறக்குறைய 55, 60 கிராம் இருக்கும் இந்தப் பறவை புறப்படும் நேரத்தில் 80 கிராமைத் தாண்டும். 20 கிராம் சொச்சம் இருக்கும் கொசு உள்ளான் 30-ஐ எட்டும். அந்தக் கூடுதல் கிராம்கள்தான் வழிச்செலவு. நாயோ, மோட்டார் சைக்கிளோ, கேமராவோடு கிட்டே நெருங்கும் ஆளோ ஒருமுறை கூட்டத்தைக் கிளப்பிவிட்டால் அந்தக் கையிருப்பில் கொஞ்சம் கரைகிறது. ஒரே காலையில் ஐந்தாறு முறை கிளப்பினால் அன்று தின்றது அன்றைக்கே போய்விடும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புக் கூட்டமைப்பு 2024 அக்டோபரில் வளைமூக்கு உள்ளானையும் சாம்பல் உப்புக்கொத்தியையும் அழிய வாய்ப்புள்ள இனங்களின் வரிசைக்கு மாற்றிவிட்டது. நம் கரையில் சாதாரணமாகக் கண்ணில் படும் பறவைகள் இவை.

எண்ணுவது எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆர்வத்தோடு எடுக்கும் கணக்கில் பாதி, முறை தெரியாததால் பயன்படாமல் போகிறது. ஓர் இடத்தை, ஒரே நடைபாதையை, ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் தேர்ந்துகொண்டு, பிப்ரவரி கடைசி முதல் மே நடுப்பகுதி வரை வாரம் ஒரு நாள் போக வேண்டும். விடிந்ததும் தொடங்கி எட்டரை மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஒன்பது மணிக்கு மேல் உப்புத்தரையில் கானல் எழும்பி அலகின் நீளமும் காலின் நிறமும் கலங்கிவிடும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி வரப்பில் நில்லுங்கள். 8x42 இருகண்ணோக்கி போதும் என்பார்கள். உப்பளத்தில் போதாது. 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியும் கால் ஆடாத முக்காலியும் ஒரு குழுவுக்கு ஒன்றாவது வேண்டும்.

பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை பிடிக்கும் இடத்தைக் கண்ணில் நிறுத்திக்கொண்டு, அதே அளவில் ஐம்பது, நூறு என்று தாவ வேண்டும். புதியவர்கள் பெரிய கூட்டத்தைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவார்கள். ஆகவே இருவர் தனித்தனியாக மூன்று முறை எண்ணி நடு எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது. எழும்பிச் சுற்றிவந்து அடுத்த பாத்தியில் இறங்கும் கூட்டத்தை இரண்டாவது முறை எண்ணிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. கூட்டம் எழும்பிய நேரத்தையும் போன திசையையும் குறித்தால் இதைத் தவிர்க்கலாம். ஒன்றும் இல்லாத நாளில் பூச்சியத்தையும் எழுதுங்கள். அந்தப் பூச்சியம் இல்லாவிட்டால் புறப்பாடு எந்த வாரத்தில் முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பறவைக் கணக்குகளைப் பதியும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிவிடுபவர்கள் எண்ணுக்குப் பதில் 'இருந்தது' என்ற குறியை மட்டும் போட்டால் பருவப் போக்கை அறிய அது உதவாது.

எண்ணிக்கையோடு இன்னொன்றையும் எழுதச் சொல்லி வற்புறுத்துகிறோம். கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து ஐம்பது பறவைகளை வரிசையாகப் பார்த்து, எத்தனைக்கு இனப்பெருக்கக் கால நிறம் ஏறியிருக்கிறது என்று குறியுங்கள். வாரத்துக்கு வாரம் அந்த எண் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கூட்டமும் சுருங்கி நிறமும் திடீரென வெளிறும். நிறம் ஏறியவை புறப்பட்டுவிட்டன, மிச்சம் இருப்பவை பெரும்பாலும் முதல் ஆண்டு இளம்பறவைகள் என்று அதற்குப் பொருள். பல கடற்கரைப் பறவைகளின் இளசுகள் முதல் கோடையை இங்கேயே கழிக்கும். ஜூன் மாதம் ஓர் உள்ளான் கூட்டத்தைப் பார்த்துவிட்டு 'வழி தவறிய பறவைகள்', 'அடிபட்டவை' என்று பிடித்துச் செல்வதும் படம் போடுவதும் வேண்டாம்.

அடையாளத்தில் வரும் குழப்பங்களில் இரண்டைச் சொல்கிறோம். நிறம் மாறும் பருவத்தில் டன்லின் என்ற உள்ளான் வகையைப் பார்த்ததாகத் தகவல்கள் வரும். நம் கரையில் அது மிக அரிது. பெரும்பாலும் அது வளைமூக்கு உள்ளானாகவே இருக்கும். பறக்கும்போது வாலுக்கு மேல் முழு வெள்ளைத் திட்டு தெரிந்தால் வளைமூக்கு உள்ளான், அந்த வெள்ளையைக் கருங்கோடு இரண்டாகப் பிளந்தால் டன்லின். கொசு உள்ளானையும் டெம்மின்க் உள்ளானையும் காலை வைத்துப் பிரிக்கலாம். முன்னதற்குக் கறுப்பு, பின்னதற்கு மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். ஆனால் காலில் சேறு அப்பியிருந்தால் எல்லாக் காலும் கறுப்புதான். அது கழுவப்படும்வரை பொறுங்கள்.

காலில் வளையமோ வண்ணக் கொடியோ கண்டால் எந்தக் காலில், முட்டிக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக என்ன நிறங்கள், எழுத்து என்ன என்று அங்கேயே எழுதிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் இடது வலது மாறிவிடும். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையமிட்டுவரும் மும்பையின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அந்தத் தகவலைப் படத்தோடு அனுப்பலாம்.

அடுத்தது தண்ணீர். நம் கரையில் ஏற்றவற்றம் குறைவு, ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான். அதனால் சேறு வெளிப்படுவதைக் கடலை விட மழைநீரும் காற்றும் உப்பளத்து மதகும்தான் தீர்மானிக்கின்றன. 3 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நின்றால் கொசு உள்ளானுக்கு எட்டாது. முழுக்க வற்றிச் சேறு ஓடுபோல் காய்ந்தால் அலகு இறங்காது. கடல்நீரை முதலில் தேக்கும் பாத்திகளில் உப்பின் செறிவு, போமே அளவையில், 3 டிகிரிதான் இருக்கும். புழுவும் சிறு இறாலும் அங்கே உண்டு. 25 டிகிரியில் உப்பு விளையும் கடைசிப் பாத்திகளில் மேய ஒன்றும் இராது. உப்பளத்துக்காரர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான்: மார்ச், ஏப்ரலில் அந்த முதல் பாத்திகளைச் சுத்தம் செய்ய நேர்ந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிடாமல், ஒன்று வற்றும்போது அடுத்ததில் தண்ணீர் இருக்கும்படி முறை வைத்துத் திறந்துவிடுங்கள். ஒரு பாத்தியின் சேறு காய்வதற்குள் அடுத்தது மேய்ச்சலுக்குத் தயாராகிவிடும். உப்பு விளையும் பாத்திகளைத் தொடவே வேண்டியதில்லை.

இதே மாதங்களில் அதே வரப்புகளில் உள்ளூர்ப் பறவைகள் முட்டையிடுகின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கூடு வைக்கும், 2023-இல் தனி இனம் என்று மீண்டும் ஏற்கப்பட்ட அனுமன் உப்புக்கொத்தியும், சிற்றாலா என்னும் சிறு நீர்ப்பறவையும் வெறுந்தரைக் குழியில் இரண்டு மூன்று முட்டைகள் இடும். மண்ணின் நிறத்திலேயே இருப்பதால் கால் பட்டு நசுங்கும்வரை தெரியாது. உப்புக்கொத்தி இறக்கை முறிந்தது போல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடினால் கூடு பக்கத்தில்தான் இருக்கிறது. படம் எடுக்க நிற்காமல் வந்த தடத்திலேயே திரும்புங்கள். மேயும் கூட்டத்துக்கு 100 மீட்டர் தள்ளி நிற்பது பொது விதி. அதற்கு முன்பே தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்தால் அதுவே உங்கள் எல்லை. ட்ரோன் வேண்டவே வேண்டாம். தலைக்கு மேல் சுற்றும் அதைப் பறவைகள் பருந்தாகவே எடுத்துக்கொள்ளும்.

புறப்பாட்டை நேரில் காண விரும்புவோர் தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்று வீசத் தொடங்கிய பிறகு, ஏப்ரல் நடு முதல் மே முதல் வாரம் வரை, பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கையில் வரப்பில் உட்கார வேண்டும். மேய்ச்சலை நிறுத்திய கூட்டம் சலசலப்பாகக் குரல் கொடுக்கும். முப்பது நாற்பது பறவைகள் எழும்பிச் சுற்றும். சில மனம் மாறிக் கீழே இறங்கிவிடும். மற்றவை உயரம் ஏறி வரிசை கட்டி வடக்கே திரும்பும். எழும்பிய நேரம், எண்ணிக்கை, திசை, காற்று ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். தங்கள் நாளிதழ் மார்ச் முதல் மே வரை வாரம் ஒரு சிறு பெட்டியில் இத்தகைய கடலோரக் கணக்குகளை இடவாரியாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஜூலை கடைசியில், நைந்துபோன செங்கல் நிற இறகோடு முதல் உள்ளான்கள் திரும்பி வந்து இறங்கும்போது, எந்தப் பாத்தியில் தண்ணீர் வைக்க வேண்டும் என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
கடலோரப் பறவைகளைக் கணக்கெடுக்கும் வாசகர்கள்,
நாகப்பட்டினம் மாவட்டம்