திட்டில் ஆலா இறங்கியிருக்கிறது

தம்பிக்கு அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். பொங்கலன்று பேசினாய், அப்புறம் போன் இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று நானும் கூப்பிடவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

கொள்ளிடத்து நடுத்திட்டில் இந்தச் சித்திரைக்கு ஆற்று ஆலா இறங்கியிருக்கிறது. ஒரே ஒரு ஜோடி. கறுப்புத் தொப்பி, மஞ்சள் அலகு, சிவந்த கால், பிளந்த வால் எல்லாம் நீ நோட்டில் வரைந்த மாதிரியே. அந்த நோட்டு பரணில் பத்திரமாக இருக்கிறது. எட்டாவதில் வரைந்தது என்று போன வாரம்கூட பால்காரரிடம் எடுத்துக் காட்டினேன்.

கூடு என்று ஒன்றுமில்லை. மணலில் ஓர் உள்ளங்கைப் பள்ளம், அதில் மூன்று முட்டை. மணல் நிறத்தில் பழுப்புப் புள்ளி, மிதித்தால்தான் தெரியும். உச்சி வெயிலில் ஒன்று எழுந்து போய் மடுவில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருகிறது. அது போனால் இது, இது போனால் அது. மூன்று வாரம் போலக் காக்க வேண்டும். நாய், காக்கை எது வந்தாலும் தலைக்கு நேராகப் பாய்கின்றன, என் துண்டையும் விடவில்லை. ஒன்று மட்டும் இருந்தால் அந்த வெயிலுக்கு முட்டை வெந்துவிடும்.

மருமகள் இன்னும் பிறந்த வீட்டில்தான் இருக்கிறாளா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

காலேஜில் முதல் வருஷ லீவுக்கு வந்தபோது, திட்டையே காணோமே, ஆலா எங்கே என்றாய். வெள்ளம் அடித்துப்போனது என்றேன். வெள்ளம் இல்லை. நம் தோப்பு வழியாக மணல் லாரி போக நான்தான் வழிவிட்டேன். ராத்திரிக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். உன் ஹாஸ்டல் பணம் அதில் கட்டியதுதான். பங்குனி, முட்டை இட்டிருந்த நேரம். ஒரு நாள் விடியலில் போய்ப் பார்த்தேன். டயர் தடத்துக்கு மேலே அந்த ஜோடி சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உனக்காக என்னவெல்லாம் செய்தேன் தெரியுமா என்று உன் மார்க்கைப் பார்த்துக் கத்தினேனே, அதை மனதில் வைத்துத்தான் கத்தினேன்.

மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் கொள்ளிடத்தில் மிச்ச வெள்ளம்தான் வரும். அதற்குள் குஞ்சு பறந்துவிடும். முன்னாடியே வந்தால் பார்க்கலாம். தனியாக வந்தாலும் சரி. மாடி அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன்.

அப்பா