ஆடிட் இல்லாத நாளிலும் ஒரு காய், ஒரு பழம்

மதிப்பிற்குரிய திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிமார்களுக்கும் நிர்வாகத்தாருக்கும் வணக்கம்.

போன வாரம் எங்கள் கம்பெனியில் மருத்துவ முகாம் நடந்தது. நல்ல காரியம், நன்றி. சர்க்கரை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். டாக்டரம்மா எல்லாரிடமும் ஒன்றையேதான் சொன்னார்: "சோத்தைக் குறைச்சுக்கங்க, காயும் பழமும் நிறையச் சேர்த்துக்கங்க." அன்றைக்கு மதியம் கேண்டீனில் என்ன போட்டார்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

தட்டு நிறையச் சோறு. சாம்பார் ஊற்றுகிறவர் கரண்டியை மேலாகவே விட்டு எடுக்கிறார். அடியில் கிடக்கும் முள்ளங்கித் துண்டு கடைசியில் வருகிறவருக்குத்தான் யோகம். ஓரமாக உருளைக்கிழங்குப் பொரியல், ஒரு அப்பளம். திங்களும் உருளை, புதனும் உருளை. பெரியவர்கள் நாளொன்றுக்கு 400 கிராமாவது காய், பழம் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளை, மரவள்ளி போன்ற கிழங்குகளை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அப்படிப் பார்த்தால் என் தட்டில் பச்சையாக இருந்தது சாம்பாரில் மிதந்த கறிவேப்பிலைதான்.

வீட்டில் சாப்பிட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து இறங்கும்போது ராத்திரி எட்டரை. உழவர் சந்தை காலையோடு முடிந்துவிடும். பஸ் ஸ்டாப் தள்ளுவண்டியில் மிஞ்சியிருப்பது முற்றிய வெண்டையும் வாடிய கத்திரியும். காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார வேண்டியவள் விடியக்காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்க முடியுமா? புளிச்சோற்றைக் கிண்டி டப்பாவில் அடைத்துக்கொண்டு ஓடிவருகிறோம். டீ நேரத்தில் வடை, இல்லையென்றால் தேங்காய் பன்.

அதனால்தான் கேட்கிறோம்: மதியம் ஒரு காய், ஒரு பழம்.

"கட்டுபடி ஆகாதுங்க" என்கிறார் மேனேஜர். நம் சரக்கை வாங்குகிற பையர், கம்பெனியைச் சோதித்துப் பார்க்க ஆடிட்டுக்கு வருகிற அன்றைக்கு மட்டும் எப்படிக் கட்டுபடி ஆகிறதோ! அன்று பீன்ஸ் பொரியல், கீரைக் கடைசல், தலைக்கு ஒரு வாழைப்பழம். பையர் தினமும் வரட்டும் என்று எங்கள் லைனில் வேண்டிக்கொள்ளாத ஆளில்லை.

விலை விழுந்தால் உடுமலைப் பக்கம் தக்காளியை ரோட்டோரம் கொட்டுகிறார்கள். தாளவாடியிலிருந்து கோஸ் லாரி லாரியாக இறங்குகிறது. கோபி, சத்தியில் எங்கு பார்த்தாலும் வாழை. நூல் விலை ஏறினால் உடனே கூட்டம் போடுகிற ஊரில், சோற்றுக்குக் காய் இல்லை என்பதைப் பேச மட்டும் நேரமில்லை போலிருக்கிறது. சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேண்டீன் வைக்கவும், அதன் கமிட்டியில் தொழிலாளிக்கு இடம் தரவும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே வழி செய்திருந்தார்கள். எங்களில் இரண்டு பெண்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அந்தந்தப் பருவத்தில் மலிவாக வருவதையே சொல்கிறோம்: சுரைக்காய், பூசணி, அவரை, கோஸ். ஆப்பிள் கேட்கவில்லை, கொய்யாவோ பூவன் பழமோ போதும். கேண்டீன் பிடித்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் தருகிறோம், கணக்கை மட்டும் காட்டுங்கள்.

மதியம் ஒரு காய், ஒரு பழம். ஆடிட் இல்லாத நாளிலும். தயவுசெய்து அடுத்த சம்பளத்துக்குள் ஒரு பதில் சொல்லுங்கள் ஐயா.

இப்படிக்கு,
டைலர் ஒருத்தி,
திருப்பூர்