குற்றச்சாட்டு வனையும் ஆணையில் காரணம் இடம்பெற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஒருவர் மீது கிராண்ட் ஜூரி எனப்படும் பொதுமக்கள் குழு குற்றம் சாட்டியதாகச் செய்தி வந்தாலே, அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டதைப் போல இங்கே பலரும் பேசுகிறார்கள். ஒருவரைக் கூண்டில் நிறுத்தப் போதிய முகாந்திரம் உள்ளதா என்பதை மட்டுமே அக்குழு பார்க்கிறது. கூட்டாட்சி வழக்குகளில் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 16 முதல் 23 பேர் அமர்ந்து, அவர்களில் 12 பேராவது இசைந்தால்தான் குற்றச்சாட்டு பதிவாகும். காவல்துறையும் அரசும் சாராதவர்கள் முதலில் பார்க்கட்டும் என்ற அந்த எண்ணம் உயர்ந்தது. ஆயினும் அந்த அறையில் நீதிபதியும் இல்லை, குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞரும் இல்லை. அரசு வழக்கறிஞர் காட்டுவதையே குழு காண்கிறது. இந்த ஏற்பாட்டைப் பிறப்பித்த இங்கிலாந்தே 1933இல் இதைப் பெரும்பாலும் கைவிட்டது; சென்னை உள்ளிட்ட மாகாணத் தலைநகரங்களில் இருந்ததும் 1865இலேயே ஒழிந்தது. அதை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

வழக்கு விசாரணைக்குப் போகுமுன் முகாந்திரத்தைச் சரிபார்க்க நம்மிடம் இருந்த ஏற்பாடு தேய்ந்து வருவதுதான் என் கவலை. முன்பு கொலை போன்ற வழக்குகளில் குற்றவியல் நடுவர் ஆவணங்களையும் சாட்சியங்களையும் ஆராய்ந்து, முகாந்திரம் இல்லையெனில் அங்கேயே விடுவிக்க முடிந்தது. காலதாமதத்தைக் காரணம் காட்டி 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அந்த விசாரணையை நீக்கியதால், இப்போது அவர் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆவண நகல்களை வழங்கி வழக்கை அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்புவதோடு சரி. எஞ்சியிருப்பது குற்றச்சாட்டு வனையும் கட்டம், அதாவது எந்தக் குற்றங்களுக்காக ஒருவரை விசாரிப்பது என்று நீதிபதி எழுத்தில் வரையறுக்கும் கட்டம் ஒன்றே. அந்தக் கட்டத்தில் நீதிபதி வெறும் அஞ்சல் நிலையமாக இருந்துவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1979இல் கூறியது. ஆனால் சட்டமோ, விடுவித்தால் காரணம் எழுத வேண்டும் என்கிறது. குற்றச்சாட்டு வனைந்தால் எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 250, 263ஆம் பிரிவுகளும் காலக்கெடுவைச் சேர்த்தனவேயன்றி இந்த ஏற்றத்தாழ்வைத் தொடவில்லை. காரணம் எழுதத் தேவையற்ற வழி எளிதான வழியாகிவிடுவது இயல்பே. அதன் பாரம், ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலையும் கூலித் தொழிலாளியின் தலையில் விழுகிறது.

எங்கள் தருமபுரி மாவட்டம் இதை இருபுறமும் அறிந்தது. 1992 ஜூன் 20 அன்று பழங்குடி மக்கள் வாழும் வாச்சாத்திக் கிராமத்தில், வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் சந்தனமரக் கடத்தல் என்று சொல்லிப் பெண்களையும் குழந்தைகளையும்கூடச் சிறைக்கு அனுப்பியபோது, ஆதாரம் எங்கே என்று அழுத்திக் கேட்பார் இல்லை. அந்த மக்கள் மீது வன்கொடுமை புரிந்த அலுவலர்கள் மீதான புலனாய்வோ, உயர் நீதிமன்றம் 1995இல் உத்தரவிட்ட பிறகே மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோக, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011இல்தான். 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்கு எது, யார் மீது என்பதைக் காவல்துறையின் கையில் மட்டும் விட்டுவிட்டால் அப்பாவி உள்ளே போவதும் குற்றவாளி வெளியே நிற்பதும் ஒரே நாளில் நடக்கும் என்பதை அந்த ஊர் அனுபவித்தது.

ஆகவே, குற்றச்சாட்டு வனையும் ஒவ்வோர் ஆணையிலும், எந்த ஆவணம், எந்தச் சாட்சி வாக்குமூலம் முகாந்திரமாக ஏற்கப்பட்டது என்று ஒரு பக்க அளவிலாவது காரணம் எழுதச் சட்டத் திருத்தம் வேண்டும். ஒரு பக்கம் எழுதுவதால் வழக்கு தாமதமாகிவிடாது. காவல்துறை வழக்கை முடித்துவைக்கக் கோரும்போதும், புகார் கொடுத்தவரை அழைத்துக் கேட்ட பின்னரே நடுவர் அதை ஏற்க வேண்டும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறியை, தாலுகா நீதிமன்றங்கள் வரை தவறாது பின்பற்றச் செய்யுமாறு உயர் நீதிமன்றத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அரூர், தருமபுரி மாவட்டம்.